பத்தடிக்கு நடுவில்

இது நடந்தது. கேளம்பாக்கத்தில், சென்ற ஐப்பசியில், விளக்கும் மின்விசிறியும் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு வாடகை அறையில் நடந்தது. பேய் என்றால் புளியமரம் வேண்டும், கொலுசுச் சத்தம் வேண்டும், வெள்ளைப் புடவை வேண்டும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தச் சாமான்கள் எதுவும் இதில் இல்லை. ஒரு புது லேப்டாப், சுவரில் ஒரு வைஃபை பெட்டி, இரண்டுக்கும் நடுவில் பத்தடி வெற்றுத் தரை. அவ்வளவுதான்.

கவியாவும் பேயை நம்பியவள் அல்ல. நம்புகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். செங்கல்பட்டுக்கு மேற்கே, அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டே இரண்டு தலைமுறை கழிந்த குடும்பம் அவளுடையது. அதில் கணினி படித்து மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். தலைவலி வந்தால்கூடக் காத்து கருப்பு என்று வேப்பிலையைத் தேடும் சித்திகளிடமிருந்து தப்பித்துத்தான் கணினிக் கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் வந்து சேர்ந்திருந்தாள்.

அவள் பார்த்துவந்த ஒப்பந்த வேலை அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வேறொரு கம்பெனியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேர்முகம் என்றால் லேப்டாப் வழியாகத்தான். அதற்கென்றே தவணையில் வாங்கிய புது லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் மூன்று முறை இணைப்பு அறுந்தது. மறுநாள் அந்தக் கம்பெனியின் பிரபாவதி போனில் பேசினாள்.

"என்ன கவியா இது? சாஃப்ட்வேர் வேலைக்கு வர்றீங்க, வீட்ல நெட்டு கூட ஒழுங்கா இல்லையா?"

"சாரி மேடம். புது லேப்டாப், அதான்..."

"வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை. இதான் கடைசி. மறுபடி கட் ஆச்சுன்னா அடுத்த ஆளைப் பாத்துக்குவோம்."

கையில் ஆறு நாள் இருந்தது. கவியா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினாள். பெட்டியை அணைத்துப் போட்டாள். அறுந்தது. லேப்டாப்பில் அந்த இணைப்பையே அழித்துவிட்டுக் கடவுச்சொல்லை முதலிலிருந்து போட்டாள். அறுந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக வைஃபையைத் தூங்கவைக்கும் ஏற்பாடு ஒன்று லேப்டாப்பில் இருந்தது. அதை நிறுத்தினாள். அப்போதும் அறுந்தது. கேபிளைச் செருகிவிடலாம் என்றால் அந்த ஒல்லி லேப்டாப்பில் அதற்குத் துளையே இல்லை. போன் இணைப்போ, உப்பளங்களை ஒட்டிய அந்தப் பகுதியில் ஒரு கோட்டுக்கு மேல் எழாது.

அலுவலகத்துக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நாள் முழுக்க ஒருமுறைகூட அறுபடவில்லை. லேப்டாப்பின் மேல் தப்பில்லை. வீட்டில் அதே மேசையில் போனை வைத்துப் பார்த்தாள். போனிலும் அறுந்தது. அப்படியானால் பெட்டிதான்.

இணைப்புக் கொடுத்த கம்பெனியிலிருந்து பெட்டியை மாற்ற வந்தவன் ரோஹித். வந்தவன் முதலில் மேசைமேல் இருந்த லேப்டாப்பைத்தான் பார்த்தான்.

"இன்னாக்கா, புச்சா? புச்சுன்னா கொஞ்சம் வெக்கப்படும். ரெண்டு நாளு பழகுனா செரியாப் பூடும்."

"வெக்கப்பட அதுக்கு என்ன கல்யாணமா ஆவுது? பொட்டியை மாத்துப்பா."

அவன் கதவோரச் சுவரில் புதுப் பெட்டியை மாட்டினான். கவியா எதிர்ச்சுவர் ஓரம் மேசையில் உட்கார்ந்து, சிக்னலின் அளவைக் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறு. ரோஹித் அறையின் நடுவில் வந்து நின்று போன் பேசினான். எழுபது. பேசி முடித்து நகர்ந்தான். தொண்ணூறு.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். கல்லூரியில் படித்ததுதான்.

"இனிமே அறுந்துச்சுன்னா?"

"ஊதுவத்தி கொளுத்திக் காட்டுக்கா. அதுக்கு மேல எங்க கையில ஒன்னியும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினான்.

அவன் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். சாயங்காலம் ஆறு பத்து. கவியா அறையில் தனியாக இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

தொண்ணூறு... தொண்ணூறு... எழுபது.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே வெற்றுத் தரை. அதற்கப்பால் கதவு. கதவின் பக்கத்தில் பெட்டி, பச்சை விளக்குகளோடு.

எழுபது. எழுபது. அறுபத்தெட்டு.

எண் இருபது நிமிடம் அப்படியே நின்றது. பிறகு ஒரே துள்ளலில் தொண்ணூறு.

யாரோ வந்து நின்றுவிட்டு நகர்ந்ததைப்போல என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே தன்மேல் அவளுக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு படித்து என்ன பயன்? சித்திகளே பரவாயில்லை, அவர்களாவது படிக்கவில்லை. கணக்கில் தான்தான் எங்கோ தப்புப் பண்ணியிருக்கவேண்டும்.

மறுநாளும் அதே ஆறு பத்துக்கு எண் இறங்கியது.

வீட்டுக்காரர் பக்தவத்சலம் கீழே குடியிருந்தார். மோட்டார் போட வந்தவரிடம், சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"அங்கிள், எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு வைஃபை எப்படி இருந்துச்சு?"

"மின்னாடியா? வூடு கட்டிப் பால் காச்சி ஆறு மாசம் ஆவுது. நீதாம்மா மொத ஆளு." அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா, பேய் கீய் கீதான்னு கேக்கறியா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல அங்கிள்."

"பேய் வரணும்னா ஒரு ஆளாச்சும் சாவணுமே. இந்த வூட்ல இன்னும் ஒரு பல்லி கூட சாவல. படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது? வேற எங்கியும் சொல்லிகினு திரியாத. அப்புறம் வாடகைக்கு எவன் வருவான்?"

"இதுக்கு முன்னாடி இந்த எடத்துல என்ன இருந்துச்சு?"

"உப்பு. வெறும் உப்பு."

கவியாவுக்கு அவர்மேல் கோபம் வந்தது. கேட்ட தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது. கிழவர் சொன்னதுதான் நியாயம். செத்தவர் யாருமில்லை. பழைய கதையும் இல்லை. புது வீடு, புதுப் பெட்டி, புது லேப்டாப்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேசையை இழுத்துக் கதவோரம் போட்டாள். இப்போது பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் இரண்டே அடி. இனி எது வந்து மறைக்கும், பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தொண்ணூற்றெட்டு.

ஆறு மணி ஐந்து நிமிடம். தொண்ணூற்றெட்டு.

ஆறு பத்து.

எழுபது.

அவள் அசையவில்லை. மனசுக்குள் கணக்கு மட்டும் தானாக ஓடியது. இரண்டடி இடைவெளியில் ஓர் ஆள் நிற்கவேண்டுமானால், மேசை விளிம்பை ஒட்டித்தான் நிற்கமுடியும். அவள் முகத்துக்கு எதிரே. குனிந்தால் முட்டிக்கொள்ளும் தூரத்தில்.

கையை நீட்டிப் பார்த்தாள்.

காற்றுதான். கொஞ்சம் ஈரமான காற்று. மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம்...

அறுபது. ஐம்பது. இணைப்பு அறுந்தது.

அன்று அவள் விளக்கை அணைக்காமல் படுத்தாள். அணைக்காததற்குக் காரணம் பயம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, ஆறு மணிக்கே உட்கார்ந்தாள்.

ஆறு பத்துக்கு எழுபது.

ஆறு இருபது. எழுபது.

ஆறு இருபத்தேழு. அறுபத்தைந்து.

ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்பது நாள். அதற்குப் பிறகு ஊருக்குத்தான் திரும்பவேண்டும். சித்திகளிடம். "படிச்சு இன்னாத்த கிழிச்ச?" என்று கேட்பவர்களிடம்.

ஆறு இருபத்தெட்டு. அறுபது.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்து, தெருநாயை விரட்டுவதுபோலச் சொன்னாள்:

"தள்ளி நில்லு. என் பொழப்பு கெடக்குது, தள்ளி நில்லு!"

தொண்ணூற்றொன்பது.

அவள் எண்ணைப் பார்த்தபடியே இருந்தாள். இத்தனை நாளில் ஒருமுறைகூட வராத எண்.

நடுவில் இப்போது யாரும் இல்லை.

சந்தோஷப்படப் போனவளுக்கு, அதற்கு முன்பே அடுத்த கேள்வி வந்துவிட்டது.

நடுவில் இல்லையென்றால்... எங்கே?

பிடரியில் ஈரக் காற்று பட்டது.

அதே நொடியில் திரையில் மூன்று முகங்கள் தோன்றின. "ஹலோ கவியா, கேக்குதா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பது நிமிடம். ஒருமுறைகூட அறுபடவில்லை. எண் தொண்ணூற்றொன்பதிலிருந்து இம்மியும் இறங்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பதில்கள் அவளே வியக்கும்படி வந்து விழுந்தன. ஆனால் அந்த மூவரும் அடிக்கடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் அவள் முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். இன்னொருவர் இரண்டு காதுகளையும் காட்டச் சொன்னார். பெரிய கம்பெனி, பெரிய திமிர் என்று கவியா நினைத்துக்கொண்டாள். கடைசிக் கேள்விக்கு அவள் பதில் சொன்னபோது, நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுமனே பார்த்தாள். நன்றிகூடச் சொல்லவில்லை. திரை அணைந்தது.

அதற்குப் பிறகுதான் கவியா திரும்பினாள்.

சுவர். கட்டில். மடித்துவைத்த போர்வை.

ஒன்றுமில்லை.

அவள் சிரித்தேவிட்டாள்.

திங்கட்கிழமை மதியம், அலுவலகக் கேன்டீனில் இருந்தபோது பிரபாவதி கூப்பிட்டாள்.

"எவ்வளவு குடுத்தீங்க அந்தம்மாவுக்கு?"

"எந்தம்மா, மேடம்?"

"நடிக்காதீங்க. வாயை அசைக்கறது நீங்க, பேசறது வேற ஆளு. ஆள் வச்சுப் பேசற இந்தத் திருட்டு இன்டர்வியூ மாசத்துக்கு பத்து பாக்கறோம். எங்களுக்குத் தெரியாதா?"

"மேடம், நான்தான் பேசுனேன். ரூம்ல நான் மட்டும்தான்..."

"மத்தவங்களாவது உருப்படியா ஏமாத்துவாங்க. பின்னாடி இருக்கறவங்க பேசுவாங்க, இவங்க அதுக்கேத்தாப்ல வாயசைப்பாங்க, அசைவு கொஞ்சம் லேட்டாத்தான் வரும். உங்களுக்கு எவ்வளவு லேட்டு தெரியுமா? அந்தக் குரல் முழு பதிலையும் சொல்லி முடிக்குது. அதுக்கப்புறம்தான் நீங்க வாயையே தொறக்கறீங்க. ரிகர்சல் கூடப் பாக்கலையா?"

"என் குரலு..."

"உங்க குரல் ஒரு எடத்துலயும் இல்ல. ரெக்கார்டிங் அனுப்பறேன், நீங்களே கேளுங்க. இங்க இனிமே அப்ளை பண்ணாதீங்க."

பதிவு வந்தது. சுற்றிலும் ஐம்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கவியா இயர்போனைக் காதில் மாட்டினாள்.

திரையில் அவள். அவளுக்குப் பின்னால் சுவர், கட்டில், போர்வை. வேறு யாருமில்லை.

குரல் மட்டும் வேறு.

வயதான பெண் குரல். வறண்ட குரல். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் ஒரு அலட்சியம் அதில். கவியா அன்று சொன்ன பதில்கள்தான். சொல்லுக்குச் சொல் அவைதான். ஆனால் குரல் சொல்லி முடித்த பிறகு, திரையில் இருந்த கவியா தலையை ஆட்டிவிட்டு, சத்தமில்லாமல் வாயசைத்தாள். முதல் பதில் அப்படி. இரண்டாவது அப்படி. பத்தாவதும் அப்படி.

அந்தப் பதில்களை நான்தான் யோசித்தேன் என்று நினைத்தேனே...

கடைசிக் கேள்வியும் ஆங்கிலத்தில்தான் வந்தது.

"இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?"

அவள் மனப்பாடம் செய்துவைத்திருந்த பதில் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு குழுவுக்குத் தலைமை. புதுப் பொறுப்புகள். கம்பெனியோடு சேர்ந்து வளர்ச்சி. திரையில் அவள் சிரித்தபடி அதற்குத்தான் வாயசைத்தாள்.

குரல் அதைச் சொல்லவில்லை.

அதுவரை ஆங்கிலத்தில் பேசிய குரல் தமிழுக்கு மாறியது. முதல்முறையாக அதில் அலட்சியம் இல்லை.

"இங்கயேதான் இருப்போம். ரெண்டு பேரும்."