பதினாறு பேருக்கான மெஷின்

"ஆறுன்னு போடு" என்றார் மேனேஜர். "ஒரே நேரத்துல ஆறு பேருதான் வேலை செய்வாங்கன்னு போட்டு அனுப்பு. அதுக்கு மேல போனா நம்ம கொட்டேஷன் நிக்காது."

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலிருந்த எஸ்டிடி பூத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்டேன். கண்ணாடிக் கதவுக்குள் ஒரே புழுக்கம். "பதினாறு வருது சார்" என்றேன். "ரெண்டு நாள்ல பெரிய ஆளாயிட்டியே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நான் சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். நெல் கொள்முதல், குடோன் இருப்பு, அரிசி விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவரும் மென்பொருளை மில்களுக்கு விற்றுக்கொண்டிருந்தோம். அதை ஏற்றுவதற்கு முன்னால், எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் இருக்கப்போகும் மெஷின், அதாவது சர்வர், எவ்வளவு பெரியதாக வேண்டும் என்று யாராவது கணித்துச் சொல்ல வேண்டும். மெமரி எவ்வளவு, டிஸ்க் எத்தனை, இரண்டு மூன்று வருடத்தில் எவ்வளவு வளரும். சைசிங் என்போம். ஆபீஸில் அந்த வேலை என் தலையில் விழுந்திருந்தது. சிறிதாகச் சொன்னால் எல்லார் வேலையும் நின்றுபோகும். பெரிதாகச் சொன்னால் வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்.

இந்த முறை நான் அளவெடுக்க வந்த அரிசி மில் உத்திரமேரூரில் காஞ்சிபுரம் சாலையில் இருந்தது. ஊரில் பல காலமாக வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் குடும்பத்துடையது. மில்லைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். ராஜகுளத்தில் அவர்களுக்கு ஓர் அரிசி குடோன். அங்கிருந்துதான் லாரிகள் வெளியூருக்குப் போகும். அந்த குடோனும் டெலிபோன் லைன் வழியாக இதே மெஷினில் சேர வேண்டும்.

என்னை அனுப்பியதற்குக் காரணம் நான் அந்தப் பக்கத்துப் பெண் என்பது. என் ஊர் காவாந்தண்டலம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். என் அண்ணன் ஒரு நிலக்காரரிடம் டிராக்டர் ஓட்டினான். சர்ச்சில் கொடுத்த உதவித்தொகையில் நான் காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தேன். அந்த மில்லின் கேட்டுக்குள் எங்கள் வீட்டு ஆட்கள் மூட்டை தூக்க மட்டுமே போயிருக்கிறார்கள். நான் ஆபீஸ் வாசல் வழியாகப் போனேன். அதை நினைத்துப் பெருமைப்பட எனக்கு நேரமிருக்கவில்லை. பயம்தான் இருந்தது.

மேனேஜருக்குப் போன் செய்வதற்கு முன் இரண்டு நாளும் வேபிரிட்ஜ் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வண்டி நெல்லோடு ஏறும்போது ஒருமுறை எடை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும்போது இன்னொரு எடை. நடுவில் ஈரம் பார்ப்பார்கள், சாக்கு எண்ணுவார்கள். ஒரு சீட்டு வெளியே வருவதற்குள் மென்பொருள் உள்ளே இருப்பைக் கூட்ட வேண்டும், விவசாயியின் கணக்கில் எழுத வேண்டும், சாக்குக் கணக்கைத் திருத்த வேண்டும். ஒரு வண்டி என்று நாம் நினைப்பது டிஸ்குக்குப் பல வேலை.

அதெல்லாம் கூட்டிப் பார்த்துவிடலாம். வண்டிகள் எப்போது வரும் என்பதுதான் சிக்கல். மேனேஜர் ஒரு வருட வண்டிகளை நாட்களால் வகுத்திருந்தார். அப்படிப் பார்த்தால் மணிக்கு இத்தனை என்று அழகாக வரும். ஆனால் அந்தச் சாலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறேன். கோடையில் வரும் நவரை அறுவடையில் வானம் கறுத்துவிட்டால் களத்தில் இருக்கும் நெல்லெல்லாம் ஒரே நேரத்தில் சாலைக்கு வரும். அன்றைக்கு வகுத்தல் எதுவும் நிற்காது. நான் அந்த நாளுக்குத்தான் அளவெடுத்தேன். பதினாறு வந்தது அப்படித்தான்.

மறுவாரம் மேனேஜரே மில்லுக்கு வந்தார். பாயின் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். பாய் என் கணக்கைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய மெஷின் எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"மழை வர்ற அன்னிக்கு சார். எல்லா வண்டியும் ஒண்ணா வரும். அதே நேரத்துல ராஜகுளத்துலயும் பில் போடுவாங்க, கணக்குலயும் ஆள் இருப்பாங்க."

மேனேஜர் சிரித்தார். "சின்னப் பொண்ணு, பயப்படுது சார். வருஷத்துல நாலு நாளைக்காக யாராவது பெரிய வீடு கட்டுவாங்களா?"

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரிக்கு எது சரியாகப் பட்டதோ அதைச் செய்தார். சின்ன மெஷினுக்குச் சரி என்றார். எழுந்து போகும்போது நான் ஒன்று மட்டும் கேட்டேன். "மெமரி போட காலி இடமும் இன்னொரு டிஸ்குக்கு இடமும் இருக்குற மாடலா எடுங்க சார். பின்னாடி தேவைப்பட்டா சேத்துக்கலாம்." அதற்கு இருவருமே ஒத்துக்கொண்டார்கள். ஆறு என்ற கணக்கு மேனேஜரின் கையெழுத்தோடு போனது. நான் அதில் கையெழுத்துப் போடவில்லை.

மென்பொருள் ஏறியது. சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. நானே தப்பாகக் கணித்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. பிறகு நவரை அறுவடை வந்தது. முதல் சீசனுக்கு ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்று என்னை மில்லிலேயே விட்டார்கள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிச்சம் மங்கியது. ஜன்னலில் பார்த்தேன். செய்யாற்றுப் பக்கம் வானம் கன்னங்கரேலென்று இருந்தது. காற்றில் உமி பறந்தது. சற்று நேரத்தில் முதல் டிராக்டர் வந்தது, அதன் பின்னாலேயே மாட்டு வண்டி, மினி லாரி, மறுபடி டிராக்டர். கேட்டைத் தாண்டிச் சாலை வளைவு வரை வரிசை நின்றது. பாதி வண்டிகளில் தார்ப்பாய்கூட இல்லை.

வேபிரிட்ஜில் ஏறிய வண்டிகளுக்கு முதலில் உடனுக்குடன் சீட்டு வந்தது. பிறகு கொஞ்சம் தாமதம். பிறகு பட்டனை அழுத்திவிட்டு வேபிரிட்ஜ்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் மணல்கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மெஷின் அறைக்கு ஓடினேன். டிஸ்க் லைட் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. மெமரி நிரம்பிவிட்டது. இடமில்லாமல் எல்லாவற்றையும் டிஸ்கில் இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, வேலை செய்வதை விட்டுவிட்டு அதையே செய்துகொண்டிருந்தது மெஷின். ஆறு பேருக்கு அளந்த மெஷினில் அப்போது பதினான்கு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

கையால் சீட்டு எழுதலாமா என்று கேட்டேன். வேபிரிட்ஜ்காரர் தலையை ஆட்டினார். "வேணாம்மா. போன சீசன்ல கை சீட்டாலதான் வெட்டுக்குத்து அளவுக்குத் தகராறு ஆச்சி. கம்ப்யூட்டர் சீட்டு இல்லாம ஒரு வண்டியும் எறக்கக் கூடாதுன்னு பாய் சொல்லிக்கீறாரு."

ஜன்னல் கம்பியை யாரோ தட்டினார்கள். என் அண்ணன். அவனுடைய டிராக்டரும் அந்த வரிசையில்தான் இருந்தது, கடைசிப் பக்கமாக.

"இன்னா பாப்பா, உன் மெஷினு தூங்கிக்கினு கீதா? ஒரு வண்டி ஏறி எவ்ளோ நேரமாவுது!"

"பாத்துக்கினுதான் கீறேண்ணா."

"உன் தங்கச்சி மெஷினாமேன்னு எல்லாரும் என்னையே கேக்குறானுங்க. மேல பாத்தியா? வந்துச்சின்னா மொத்தமும் நனைஞ்சிபூடும்."

நான் பாயின் அறைக்குப் போனேன். போன் அங்கேதான் இருந்தது. சென்னைக்கு அடித்து மேனேஜரிடம் நிலைமையைச் சொன்னேன். பாய் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் சின்னதுன்னு வாயத் தொறந்துடாத" என்றார் மேனேஜர். "வோல்டேஜ் சரியில்லன்னு சொல்லு. அந்த ஊர்ல யாரு நம்பாம இருக்கப்போறாங்க? நாளைக்கு இன்ஜினியர் அனுப்புறேன்."

நான் "சரி சார்" என்று சொல்லவில்லை. போனை வைத்தேன்.

"இன்னா சொல்றாரு?" என்று கேட்டார் பாய்.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில்தான் அம்மா கழனிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். வெளியே ஹார்ன் சத்தமும் கூச்சலும் கேட்டது.

"கரண்ட்டு பிரச்சினையா, மெஷினு பத்தலியா? நேரா சொல்லும்மா."

"மெஷின் பத்தல சார். இத்தனை பேர் ஒண்ணா வேலை செஞ்சா தாங்காது. அன்னிக்கு நான் சொன்னது இதத்தான்."

அவர் முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "இப்ப இன்னா பண்ணலாம்? அதச் சொல்லு" என்றார்.

"வேபிரிட்ஜ் தவிர எல்லாத்தையும் மூடணும். கணக்கு, ரிப்போர்ட், விற்பனை, எல்லாம். ராஜகுளத்தையும்."

"ராஜகுளத்துல லாரிங்க லோடோட நிக்கிது. பில்லு இல்லாம கெளம்ப முடியாது. இன்னிக்கி ராத்திரி ஹைதராபாத் போவணும்."

"ரெண்டுல ஒண்ணுதான் சார் ஓடும்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வரிசையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து போனை எடுத்து ராஜகுளத்துக்கு அடித்தார். அங்கே இருந்தவர் அவருடைய தம்பி. "எல்லாத்தையும் மூடு" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமான பேச்சு கேட்டது. "மூடுன்னா மூடு. லாரி நின்னா நிக்கட்டும். இங்க நெல்லு நனைஞ்சா ஊரே நம்ம மேல வந்து நிக்கும்."

நான் ஓடினேன். ஆபீஸில் ஒவ்வொரு மேஜையாகப் போய் வெளியே வரச் சொன்னேன். வராதவர்களை மெஷின் அறையிலிருந்தே துண்டித்தேன். பாதியில் சிக்கி நின்றிருந்த ஒரு ரிப்போர்ட் மட்டும் பிடிவாதமாக இருந்தது. அதை வலுக்கட்டாயமாக நிறுத்தினால் இருப்புக் கணக்கு கெட்டுப்போகலாம்; வேறு வழியில்லாமல் நிறுத்தினேன். அது போனதும் டிஸ்க் லைட் ஒருமுறை அணைந்தது. பிறகு விட்டு விட்டு மின்னத் தொடங்கியது. வேபிரிட்ஜ் அறையில் பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டது. அங்கே யாரோ விசில் அடித்தார்கள்.

வண்டிகள் நகர்ந்தன. ஷெட்டுக்குள் மூட்டைகள் அடுக்கடுக்காக ஏறின. முதல் இடி கேட்டது. அண்ணன் மறுபடி ஜன்னலுக்கு வந்தான். இந்த முறை குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"என் வண்டிய மொதல்ல வுடச் சொல்லு. நீ சொன்னா வேபிரிட்ஜ்காரரு கேப்பாரு."

"முடியாதுண்ணா. முன்னாடி எத்தினி பேரு கீறாங்க பாரு."

"நான் உன் அண்ணன்டீ. நெல்லு நனைஞ்சா எங்க ஓனரு என்ன சும்மா வுடுவானா?"

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வரிசையிலயே வாண்ணா" என்றேன். அவன் வண்டிக்குத் திரும்பிப் போய்விட்டான்.

கடைசியில் சில வண்டிகள் மிச்சமிருக்கும்போது மழை வந்துவிட்டது. சாய்ந்து அடித்த கோடை மழை. அண்ணன் சட்டையைக் கழற்றி நெல்லின் மேல் விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஒரு சட்டை எவ்வளவு நெல்லை மூடும்? அவன் முறை வந்தபோது ஈரம் பார்க்கும் மீட்டரை வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாய் அந்த லோடைத் திருப்பி அனுப்பவில்லை. காய வைத்து எடுத்துக்கொண்டார், விலை குறைத்து.

அடுத்த வாரம் அண்ணனிடமிருந்து டிராக்டர் சாவியை நிலக்காரர் வாங்கிக்கொண்டார். அண்ணன் வாலாஜாபாத் பக்கம் ஒரு செங்கல் சூளையில் லாரி ஓட்டப் போனான்.

மேனேஜர் என்னை அந்த மில் வேலையிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குள் பாய் எங்கள் கம்பெனி முதலாளிக்கே போன் செய்து, மெமரியும் இன்னொரு டிஸ்கும் வேண்டும், அந்தப் பெண்தான் வந்து போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். போனேன். காலி இடங்களில் இரண்டையும் பொருத்தினேன். அந்த சீசன் முடிவதற்குள் இன்னொருமுறை வானம் கறுத்தது. அன்று ராஜகுளத்திலும் பில் போட்டார்கள், மில்லிலும் வண்டிகள் நிற்காமல் ஏறி இறங்கின. அதைப் பாயே போனில் சொன்னார். மேனேஜருக்குக் கீழே வேலை செய்வது முடியாமல் போனதால் சில மாதங்களில் வேறு கம்பெனிக்கு மாறினேன். அங்கேயும் சைசிங்தான், இன்னும் பெரிய மெஷின்களுக்கு.

அண்ணன் அடுத்த பொங்கல் வரை என்னிடம் பேசவில்லை. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது அவனும் வந்திருந்தான். அம்மா இருவருக்கும் ஒன்றாகச் சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அன்னிக்கி என் வண்டிய முன்னாடி வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"பின்னாடி நின்னவங்க நெல்லு நனைஞ்சிருக்கும்."

"அவங்கல்லாம் உனக்கு யாரு?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"சூளை லாரில பிரேக்கே புடிக்க மாட்டேங்குது" என்றான் பிறகு. அம்மாவிடம் குழம்புக்காகக் கை நீட்டினான். நான் கிண்ணத்தை எடுத்து அவன் தட்டில் ஊற்றினேன். அவன் அதைச் சேர்த்துச் சாப்பிட்டான்.