மண்டபத்தில் நின்ற புள்ளி

என் மகள் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், அரையாண்டு விடுமுறையில் அந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. அவளும் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தியும் உத்திரமேரூரில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். அந்தத் தோழிதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். போனில் நம் கிராமத்தின் வரைபடம் தெரியும். நாம் நடந்தால் அதற்குள் ஒரு பொம்மைப் பெண்ணும் நடப்பாள். அங்கங்கே நீலப் புள்ளிகள் இருக்கும். அந்த இடத்துக்கு நிஜமாகவே நடந்து போனால்தான் முட்டை கிடைக்கும். முட்டையிலிருந்து விதவிதமான பிராணிகள் பொரிக்கும்.

"அம்மா, நம்ம தெருவுல ஒண்ணுமே இல்லமா" என்று போனைக் காட்டினாள்.

உண்மைதான். நாங்கள் இருப்பது காலனியில். ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் நாலு கழனி. யார் எங்கே உட்கார்ந்து அந்தப் புள்ளிகளை வைத்தார்களோ தெரியாது. பெருமாள் கோயில், குளம், நாலு கால் மண்டபம், போஸ்ட் ஆபீஸ் என்று எல்லாமே ஊருக்குள் இருந்தன. எங்கள் பக்கத்து மாதா கோயிலுக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. காலனி முழுக்க வெறும் பச்சை.

நான் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. போனை ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள், அளவாகப் பழக்குங்கள் என்று பெற்றோருக்குப் புத்தி சொல்லிப் பழகியவள். அதனால் எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அவளும் சதா வீட்டிலேயே அடைந்து கிடந்தாள். நடக்கட்டுமே என்று தோன்றியது.

என் கணவர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். அவருக்குப் பயம் அதிகம்.

"போனப் பாத்துக்கினே நடந்தா லாரி வர்றது எப்பிடித் தெரியும்? ஏரி வேற ரொம்பிக் கீது."

இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். எம்சாண்ட் லாரி ஓடும் மெயின் ரோட்டுக்குப் போகக்கூடாது. ஏரிக்கரை கூடாது. ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரைதான். தனியாகப் போகக்கூடாது. விளையாட்டுக்குள் முகம் தெரியாதவர் யாராவது பேசினால் பதில் சொல்லக்கூடாது. அவள் எங்கே இருக்கிறாள் என்பது என் போனில் எந்நேரமும் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

தோழியின் அம்மாவுக்கும் போன் செய்து பேசினேன். மரியாதையான பெண். நான் சொன்ன ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டார்.

"உங்க பொண்ணு கூட இருந்தா எனக்கு பயமே இல்ல டீச்சர்" என்றார்.

அந்த வார்த்தை எனக்குள் எவ்வளவு இனித்தது என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகும் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே போனது. மாலையில் நான் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது போனை எடுத்துப் பார்ப்பேன். என் மகள் ஒரு சின்னப் புள்ளியாக ஊருக்குள் நடந்துகொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு ஆமை பொரித்தது, மூன்று வால் நரி பொரித்தது என்று கதை கதையாகச் சொல்வாள்.

அன்று ஐந்து பத்துக்குப் பார்த்தேன், புள்ளி மண்டபத்தில் இருந்தது. ஐந்து ஐம்பதுக்குப் பார்த்தபோதும் அங்கேயே நின்றது. நேரமாகிவிட்டதே, உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள், வந்ததும் திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ரோட்டில் இல்லை, ஏரிக்கரையில் இல்லை. நிம்மதியாகப் போனைப் பைக்குள் வைத்தேன்.

வீட்டில் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் வாசலில் நின்றார். நடந்ததை அவர்தான் சொன்னார்.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, "யார் வூட்டுப் பொண்ணுங்க?" என்று கேட்டிருக்கிறார். தோழி தன் தாத்தா பேரைச் சொல்லியிருக்கிறாள். என் மகள், "காலனி டீச்சர் பொண்ணு" என்றிருக்கிறாள். இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். தோழியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு இவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்கள். தினம் வந்து எதைப் படம் பிடிக்கிறாய், யாருக்கு அனுப்புகிறாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் நிற்க வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பிறகு என் கணவரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கழனி மோட்டாரெல்லாம் இவர் பார்ப்பதுதான். நம்பர் எல்லாரிடமும் இருந்தது.

"எங்க வூட்டுப் பொண்ணுங்க நடமாடுற எடம். நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார்களாம்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? சின்னப் பொண்ணு, தெரியாம வந்துடுச்சின்னேன்."

"தெரியாம வரலியே. நாமதான அனுப்புனோம்?"

அவர் கால் கழுவத் தொட்டிப் பக்கம் போனார். செருப்பை எங்கே கழற்றிவிட்டு நின்றார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"நான் யாரையும் போட்டோ எடுக்கலமா" என்றாள் மகள். அதைத்தான் அன்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தோழியின் அம்மாவுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தார்.

"கேள்விப்பட்டேன் டீச்சர். மனசே சரியில்ல. ஆனா ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. பசங்க சேஃப்டிதான முக்கியம்? ஸ்கூல்ல வெளையாடிக்கட்டும்."

"நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேருமா சேந்துதான அனுப்புனோம்?"

"ஆம்பளைங்க பேசிக்கினு கீறப்போ நான் எப்பிடி டீச்சர்..." என்றார். சரி என்று வைத்துவிட்டேன். அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை.

புகார் கொடுக்கலாம் என்றேன். கணவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே பேசினார். "குடு. இன்னான்னு எழுதுவ? நிக்க வெச்சாங்கன்னா? நாளைக்கு ஒருத்தன் என்னை மோட்டார் பாக்கக் கூப்புடுவானா? இவ பஸ் ஏர்றதும் அங்கதான." நான் கொடுக்கவில்லை.

மறுநாள் மகளிடம், "இனிமே வேணாம்மா, லாரி ரொம்ப ஓடுது" என்றேன்.

"மண்டபத்துக்குப் போற வழியில லாரியே வராதேம்மா."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன்.

நாலைந்து நாள் எங்கள் தெருவுக்குள்ளேயே போனை வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். எதுவும் பொரிக்கவில்லை. பிறகு விளையாட்டை அவளே அழித்துவிட்டாள். வகுப்பில் பெஞ்சும் மாறிவிட்டது. யார் மாறி உட்கார்ந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது அவள் எட்டாவது. பள்ளி விட்டால் வீடு. எங்கேயாவது போகட்டுமா என்று கேட்பதே இல்லை. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி துணி காயப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"உம் பொண்ணு எங்கியும் போறதில்ல, யார்கிட்டயும் பேசறதில்ல. நல்லா வளத்துக்கீற."

உள்ளே மகளுக்கு அது கேட்டிருக்கும். நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.