நாய்க்குட்டிக்கு இரண்டு நாள் லீவு

நாய் வளர்ப்பதும் பிள்ளை வளர்ப்பதும் ஒன்றுதான் என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். சொல்கிறவர்கள் அநேகமாக ஆண்களாகத்தான் இருப்பார்கள். நாயை அவர்கள் வளர்த்திருப்பார்கள். பிள்ளை தானாக வளர்ந்திருக்கும். என் வீட்டில் இரண்டும் ஒரே மாதத்தில் வந்தன. எனக்குத் தெரியாதா?

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாடகை வீடு. ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி அதிரும். என் கணவர் கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். நான் ஹெவ்லொக் டவுன் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மகன் பிறந்து பன்னிரண்டாம் நாள் பின்னேரம், இவர் கோட்டுக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். பார்த்தால் நாய்க்குட்டி. கந்தோரில் இவருடைய துரையின் வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டதாம், ஒன்றைத் துரை தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாராம்.

"துரை தந்ததை வேண்டாமெண்டு சொல்லேலுமே?" என்று கேட்டார்.

"கடவுள் தந்ததை ஒருக்கா வந்து தூக்குங்கோவன்" என்றேன் நான், அறைக்குள் இருந்தபடி.

அறைக்குள்தான் இருந்தேன். பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து எனக்குத் துணைக்கு வந்திருந்த மச்சாள், இவருடைய தமக்கை, அந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. நான் குசினி வாசற்படியை மிதிக்கக்கூடாது, பானையைத் தொடக்கூடாது, சாமி அறைப் பக்கம் திரும்பியும் பார்க்கக்கூடாது. நாய்க்குட்டியோ வந்த அன்றே இவருடைய காலுக்குள் காலாகக் குசினிக்குள் போய் அடுப்படியில் படுத்துக்கொண்டது. மச்சாள் "சீ, சீ" என்று இரண்டு தரம் சொன்னாள். தம்பியாரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் விட்டாள். பத்து மாதம் சுமந்து பெற்றவள் தீட்டு, தெருவில் மோந்து திரிகிற சீவன் சுத்தம். கேட்டீர்களா கதையை!

பிள்ளையைத் தூக்கச் சொன்னால் இவருக்கு ஆயிரம் சாட்டு. முதலில் துடக்கு, தொட்டால் முழுகாமல் கந்தோருக்குப் போகக்கூடாதாம். துடக்குக் கழித்த பிறகு, "தலை நிக்கேல்லை, கழுத்துப் பிரண்டுபோம்" என்றார். சரி, பயந்த மனுசன் என்று நினைத்திருப்பேன். ஆனால் அதே கைகள் நாய்க்குட்டியை எப்படிப் பிடித்தன என்று நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்! ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்தில், ஒரு உலுப்பல் இல்லை. பாலைக் காய்ச்சி, ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தார். பால் கொடுத்து முடிந்ததும் வயிற்றைத் தடவி விட்டார். என் பிள்ளை ஏப்பம் விடாமல் வீரிட்டு அழுதால் மட்டும், "இஞ்ச பாரும், பிள்ளை அழுகுது" என்று எனக்குச் செய்தி சொல்லுவார். எனக்கென்ன காது செவிடா?

ஒருநாள் நாய்க்குட்டிக்குப் பால் பருக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இவர் கையில் வெள்ளிச் சங்கு. பிள்ளைக்கு மருந்து பருக்கவென்று என் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய சங்கு. அந்த மூக்கை நாய்க்குட்டியின் வாய்க்குள் விட்டு, "குடி ராசா, குடி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றியெரிந்தது. சங்கைப் பறித்துப் புளி போட்டு மூன்று தரம் தேய்த்தேன். "அதுக்கு நக்கிக் குடிக்கத் தெரியேல்லை, பாவம்" என்று இவர் எனக்கே விளக்கம் சொன்னார்.

மூன்றாம் மாதம் நாய்க்குட்டிக்குக் குடித்த பாலெல்லாம் சத்தி, வயித்தோட்டம் வேறு. இரண்டு நாள் இவர் கந்தோருக்குப் போகவில்லை. துரையின் குட்டிதானே, துரையே லீவு தந்துவிட்டார் என்றார். நானும் நம்பினேன்.

பள்ளிக்கூடம் தொடங்கும் நாள் நெருங்கியது. தலைமை ஆசிரியை எனக்காக மூன்று மாதம் இடத்தை வைத்திருந்தார். "திங்கட்கிழமை காலையில் வகுப்பில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிடுவோம்" என்று கடிதம் வந்தது. பிள்ளை பெற்றவள் வேலைக்குத் திரும்புவதே பெரிய அதிசயமாக இருந்த காலம் அது. அந்த இடம் போனால் எனக்கு வேறு இடம் கிடைக்காது. மச்சாள் ஊருக்குப் போய்விட்டாள். பிள்ளை பார்க்கக் கொட்டாஞ்சேனையில் ஓர் ஆயாவைப் பேசியிருந்தோம். அவள் கோவில் பெருநாள் முடிந்து புதன்கிழமைதான் வருவேன் என்று சொல்லியனுப்பினாள். ஆக, திங்களும் செவ்வாயும் பிள்ளையை யார் பார்ப்பது? இவரை இரண்டு நாள் லீவு எடுக்கச் சொன்னேன். இவர் முகம் வெளுத்துப் போயிற்று. ஏன் என்று கேட்டேன், நாய்க்குட்டிக்குப் பால் காய்ச்ச எழும்பிப் போனார்.

சனிக்கிழமை பதில் தானாக வந்தது. கந்தோரின் பெரிய கிளாக்கருடைய மனைவி, கையில் ஒரு போத்தல் வயிற்றுவலி மருந்துடன் படியேறி வந்தார்.

"பிள்ளைக்கு வயித்தோட்டம் நிண்டிட்டுதோ தங்கச்சி? தம்பி ரெண்டு நாள் லீவு போட்டவராம். பிள்ளைக்குக் கடுமை எண்டு எழுதியிருந்தவராம். கந்தோரில எல்லாரும் கவலைப்பட்டவை."

என் பிள்ளை பாயில் கிடந்து கைகால் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நாய்க்குட்டி அந்த அம்மாவின் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் எப்படியோ சிரித்துச் சமாளித்து, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, இவர் முன்னால் போய் நின்றேன்.

"நாய்க்கு வயித்தால போனதுக்கு என்ர பிள்ளையையோ வருத்தக்காரனாக்கினியள்?"

"நாய்க்கெண்டு எழுதினா ஆர் லீவு தருவினம்? இப்ப திரும்பவும் பிள்ளைக்குச் சுகமில்லையெண்டு எழுதினா நம்புவினமே?"

"பொய் ஏன் எழுதுறியள்? மனுசி வேலைக்குப் போறா, பிள்ளையைப் பாக்க வேணும் எண்டு உண்மையை எழுதுங்கோவன்."

"ஆம்பிளை நான் பிள்ளை பாக்க லீவு கேட்டனெண்டா கந்தோரில சிரிச்சுச் சாவாங்கள்."

அன்று நான் போட்ட சத்தம் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்டிருக்கும். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலையில் கோட்டும் தொப்பியுமாகக் கந்தோருக்கு வெளிக்கிட்டு வாசலுக்கு வந்தார். நான் சேலை உடுத்தி ஆயத்தமாக நின்றேன். பிள்ளையைத் தூக்கி அந்தக் கோட்டின் மேல் வைத்தேன்.

"நெஞ்சுக்கடியில ஒரு கை, பின்பக்கம் ஒரு கை. உங்களுக்குத் தெரியும். இடைவேளைக்கு வந்து பால் குடுப்பன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தேன். வகுப்பில் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னபோதுதான் மூச்சு வந்தது. என் இடம் என்னிடமே இருந்தது.

இடைவேளைக்கு ஓடி வந்து பார்த்தால் பிள்ளை துடைத்து, பவுடர் போட்டு, சுத்தத் துணியில் கிடந்தான். இவர் கோட்டைக் கழற்றிவிட்டுச் சால்வையோடு பக்கத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுக் கிளாக்கரிடம் லீவுக் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார்.

"என்னெண்டு எழுதினியள்?"

இவர் கூரையைப் பார்த்தார். "நாய்க்குட்டிக்குச் சுகமில்லையெண்டு."

பின்னேரம் துரையிடமிருந்து பதில் வந்தது. இரண்டு நாளும் லீவு! பாவம் குட்டிக்கு அரோரூட் கஞ்சி கொடுக்கும்படி தன் கைப்பட ஒரு குறிப்பு வேறு. பிள்ளைக்குக் கடுமை என்று முன்பு கேட்டபோது, முணுமுணுத்து, இனிமேல் வீட்டு விஷயங்களை மனைவி பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதிய அதே துரை. எந்த ஊர் நியாயம் இது?

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆயா வராத நாளெல்லாம் எங்கள் வீட்டு நாய்க்கு வருத்தம். நாய் என்னவோ உரல் போலத்தான் இருந்தது. நாலு வருஷத்தில் அதற்குக் காய்ச்சல், கால் சுளுக்கு, காதுவலி எல்லாம் வந்து போயின, கடிதத்தில். உண்மையில் அந்த நாட்களில் இவர் பிள்ளைக்கு முழுக வார்த்தார், சோறு பிசைந்து தீத்தினார், கால் கழுவினார், நகம் வெட்டினார். நன்றாகவும் செய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். நகம் வெட்ட என்னிடம் ஓடுகிற பிள்ளை இவரிடம் ஆடாமல் இருப்பான். ஆனால் முழுக வார்க்கும்போது தெருப்பக்கத்து யன்னலை இறுக்கிச் சாத்திவிடுவார். பின்னேரம் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். பிள்ளையைத் தூக்கினால் பின்வளவுக் கிணற்றடியோடு சரி. பிள்ளை வளர்ப்பது களவு வேலையா? எனக்கு அந்தச் சாத்திய யன்னலைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

துரை சீமைக்குத் திரும்புகிறார் என்று கந்தோரில் தேநீர் விருந்து வைத்தார்கள். குடும்பமாகப் போனோம். மகனுக்கு நாலு வயது, மூக்கொழுகிக்கொண்டிருந்தது. துரை இவருடைய தோளில் தட்டி, இந்தத் தீவில் நாயை இவ்வளவு அன்பாகப் பார்க்கிற மனுஷனைத் தான் கண்டதில்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, தன் நாயின் தோல் பட்டியை நினைவுப் பரிசாகக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தாங்கவில்லை. நான் இங்கிலீசு படிப்பிக்கிறவள், துரைக்கு விளங்குகிற மாதிரியே சொன்னேன்: "நாய் ஒருநாளும் வருத்தமாகக் கிடக்கவில்லை. இவர் வீட்டில் நின்று பார்த்தது என் பிள்ளையை."

துரை பகிடியென்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். துரை சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு, பழக்கதோஷம், லேஞ்சியை எடுத்து மகனின் மூக்கைப் பிடித்துச் சிந்தி விட்டார். வீட்டுக்கு வந்ததும் பட்டியை அலுமாரிக்கு மேல் எறிந்தார்.

இரண்டு மாதம் கழித்து மகனுக்குச் சின்னமுத்துப் போட்டது, காய்ச்சலும் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பும். ஆயா பயந்து ஊருக்கு ஓடிவிட்டாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனைக் காலம். வேப்பிலையை இவரே ஒடித்து வந்து வாசலில் செருகினார். லீவுக் கடிதம் எழுத மேசையில் இருந்தவர் நெடுநேரம் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். புதுத் துரைக்கு நாய் கண்ணில் காட்டக்கூடாதாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால்தானோ என்னவோ, இந்தமுறை உள்ளதை எழுதினார். பிள்ளைக்குச் சின்னமுத்து, நான் பார்க்க வேண்டும், மூன்று நாள்.

ஒரு நாள்தான் கிடைத்தது.

பதிலை வாசித்துவிட்டு இவர் எழும்பிய எழும்பலில் கதிரை விழுந்தது. "பிள்ளைக்கு ஒரு நாளாம்! நாய்க்கு ரெண்டு நாள் தந்த கந்தோர்! சுட்டுப் பொரிஞ்சுபோய்க் கிடக்கிற பிள்ளைக்கு ஒரு நாளாம்!" வீடு முழுக்க நடந்தார், கையை மேசையில் அடித்தார். நாலு வருஷமாக நான் கத்தியதை எனக்கே புதிதாகச் சொல்லித் தருகிற மாதிரிக் கத்தினார். நான் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாளும் இவர் போகவில்லை. நான் இடைவேளைக்கு வீட்டுக்கு வந்தபோது, கந்தோர்ப் பியூன் தெருப் படலையடியில் கடிதத்தோடு நின்றான். வழக்கமாக வருகிறவன். வேப்பிலையைக் கவனிக்கவில்லை.

"நாய்க்குத் திரும்பவும் சுகமில்லையோ ஐயா?"

இவர் வாசலுக்கு வந்தார். தோளில் பிள்ளை, கையில் கஞ்சிக் கோப்பை. எதிர்வீட்டு விறாந்தையில் இரண்டு பேர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாய் நல்லாத்தான் இருக்கு. என்ர பிள்ளைக்குச் சின்னமுத்து. நான்தான் பாக்கிறன். மாறுமட்டும் வரமாட்டன். போய்ச் சொல்லு!"

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் தலையை ஒருதரம் நிமிர்த்திவிட்டுப் பேப்பரைத் தொடர்ந்து வாசித்தார்கள். இவ்வளவுதானா! இந்த ஒரு பேச்சுக்கா இந்த மனுசன் நாலு வருஷம் யன்னலைச் சாத்தினார்? எனக்கு வந்த கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். கஞ்சி முடியவில்லை என்று தரவில்லை.