எண் போடாமல் கொடுத்த கடிதம்

அந்தக் கடிதத்தை அவர் லேமினேட் செய்துவிட்டார். நான் தட்டச்சு செய்து, கம்பெனியின் வட்ட முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மறுநாளே கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டு வந்தார். பர்சனல் ஆபீஸின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கைகளாலும் அதைத் தூக்கிக் காட்டினார். "இனிமே தண்ணி பட்டாக்கூட ஒன்னும் ஆவாது மேடம்" என்றார். "அப்படியே ஃப்ரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிடுங்க" என்று நான் கிண்டலடித்தேன். 

சிப்காட்டில் இருந்த ஓர் இரும்பு உருக்காலை அது. நான் அங்கே ஆட்களின் வருகை, விடுப்பு, சான்றிதழ் எல்லாம் பார்க்கும் எழுத்து வேலையில் இருந்தேன். அவர் கிரேன் ஆபரேட்டர். கூரையை ஒட்டி ஓடும் கிரேனில், ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, உலையில் உருகிய இரும்பைத் தொட்டியோடு தூக்கி ஷெட்டின் அந்தக் கோடி வரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு கை நடுங்கினால் போதும், கீழே இருப்பவர்களின் எலும்புகூடக் கிடைக்காது. எங்கள் ஆலையில் கிரேன்காரர்களை அளக்க ஓர் அளவுகோல் இருந்தது, அதை எந்தக் காகிதத்திலும் எழுதிவைக்கவில்லை. மற்ற ஆபரேட்டர்கள் மேலே இருந்தால் கீழே வேலை செய்கிறவர்கள் நிமிஷத்துக்கு ஒருமுறை கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பார்கள். இவர் மேலே இருந்தால் ஒருவரும் நிமிர மாட்டார்கள். குனிந்த தலை குனிந்தபடி வேலை நடக்கும். பதினோரு வருஷம் அப்படித்தான் நடந்தது.

அந்தப் பதினோரு வருஷத்தில் அவருக்கு நான்கு கான்ட்ராக்டர்கள் மாறினார்கள். தொடர்ந்து ஒரே பெயரில் வேலை பார்த்தால் ஆட்கள் நிரந்தரம் கேட்பார்கள் என்று, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டரை மாற்றிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சட்டையின் நிறம் நீலத்திலிருந்து பச்சையாகும், பச்சையிலிருந்து காக்கியாகும். அடையாள அட்டை புதிதாக வரும். ஆள் மட்டும் அதே ஆள், அதே கூண்டு. எங்கள் கம்பெனிப் பதிவேட்டில் அவர் பெயர் ஒருநாளும் ஏறவில்லை. பழைய கான்ட்ராக்டர்களில் ஒருவர்கூட இப்போது ஊரில் இல்லை.

இப்படிப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போகும்போது கையில் எதுவும் இருக்காது. அதற்கும் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டே, "பாவம்மா, லெட்டர்ஹெட்ல ஒன்னு அடிச்சிக் குடுத்துடு. ரெஃபரன்ஸ் நம்பர் மட்டும் போடாத" என்பார். எண் போடாவிட்டால் கோப்பில் நகல் இருக்காது. நகல் இல்லாவிட்டால் அப்படி ஒரு கடிதமே இல்லை. பெரிய தர்மம் செய்வதாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அவருக்கும் அப்படித்தான் கொடுத்தேன். எங்கள் ஆலையில் பதினோரு ஆண்டுகள் கிரேன் ஓட்டினார், ஒரு விபத்தும் இல்லை என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. கான்ட்ராக்டே இல்லாமல், கம்பெனியின் நேரடி ஆளாக, வாழ்க்கையில் முதல்முறை.

அவர் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஓர் ஏஜென்ஸியிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. என் கையெழுத்தோடு அந்தக் கடிதத்தின் ஸ்கேன். இவர் உங்கள் ஊழியரா, இந்தக் கடிதம் நீங்கள் வழங்கியதா என்று இரண்டே கேள்விகள். மேனேஜரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஆமான்னு எழுதினா, நாளைக்கு இதையே தூக்கிக்கினு அத்தனை பேரும் நிரந்தரம் கேட்டு கோர்ட்டுக்குப் போவான். யாரு கையெழுத்துன்னு முதல்ல உன்னத்தான் கேப்பாங்க. நம்ம ரெக்கார்டுல இருக்கா? இல்ல. இல்லன்னு எழுதும்மா" என்றார். எனக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. இருக்கைக்குத் திரும்பி வந்து, இப்பெயரில் எங்களிடம் ஊழியர் எவரும் இல்லை, இணைத்துள்ள கடிதம் எங்களால் வழங்கப்பட்டதல்ல என்று எழுதி அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது. அன்று மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போலிக் கடிதம் கொடுத்தார் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். நேராக எங்கள் ஆலை கேட்டுக்கு வந்தார். நான் போய் நின்றபோது அவர் கோபமாகக்கூட இல்லை. குழம்பிப் போயிருந்தார். "எவனோ நம்ம கம்பெனிலருந்து என்னத் தெரியாதுன்னு எழுதிக்கிறான் மேடம். என்னப் பத்தி இதுவரிக்கும் நாக்கு மேல பல்லு போட்டு ஒருத்தன் பேசினதில்ல. நீங்க ஆபீஸ்ல இருக்கறவங்க, அது யாருன்னு பாத்து ஒரு வார்த்த கேளுங்க மேடம்" என்றார். நான் பார்க்கிறேன் என்றேன். வெட்கமே இல்லாமல், அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.

அதன்பின் எந்தப் பெரிய கம்பெனியும் அவரை எடுக்கவில்லை. போலி என்று அந்த ஏஜென்ஸி போட்ட சிவப்புக் குறி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு எங்கே போனாலும் அவருக்கு முன்னால் போய் நின்றது. இருபது டன்னை விரல் நுனியில் தூக்கி இறக்கிய மனிதர், கிடங்குகளில் மூட்டை தூக்கப் போனார். உருக்காலையும் கைமாறி, பிறகு மூடப்பட்டது. நான் திருவள்ளூருக்குக் குடிவந்து காக்களூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். அவர் மட்டும் என் நம்பரை விடவில்லை. விசாரிக்க யாரைக் கேட்கலாம் என்று எவர் கேட்டாலும் என் பெயரைத்தான் கொடுப்பார். "நம்ம மேடத்தாண்ட கேளுங்க, என்னப் பத்திப் புட்டுப் புட்டு வெப்பாங்க" என்பாராம். கிடங்கு முதலாளிகள் கூப்பிடுவார்கள். நானும் வாய் வலிக்கப் புகழ்வேன். ஒவ்வொரு முறையும் போனை வைத்த பிறகு அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நினைப்பதோடு சரி.

போன வாரம் ஒரு சரக்கு யார்டின் ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். துறைமுகத்துப் பக்கம் இருந்த அந்த யார்டில் அவருக்குக் கிரேன் வேலை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்தவர்கள் அசந்துபோயிருக்கிறார்கள். இந்த வயதில் இதை விட்டால் இன்னொரு கிரேன் கிடையாது. அவரைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் அவள் குறித்துக்கொண்டாள். பிறகு, "ஆனா மேடம், நீங்க சொல்ற அதே கம்பெனி, இவர் குடுத்த லெட்டர் போலின்னு ரிப்போர்ட் குடுத்திருக்கே. அது யார் குடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் அதைத்தானே சொன்னேன். இந்தமுறை வாய் வரவில்லை. "நான்தாம்மா குடுத்தேன். லெட்டரும் நான்தான் குடுத்தேன். லெட்டர்தான் நிஜம்" என்றேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, அந்தப் பக்கம் அவள் பேசும்வரை. "ஸாரி மேடம். அன்னைக்கு ஒன்னு, இன்னைக்கு ஒன்னு சொல்றவங்க வார்த்தைய நான் எடுத்துக்க முடியாது. ரிப்போர்ட்ட மாத்தணும்னா அந்தக் கம்பெனிதான் எழுதித் தரணும்" என்றாள். கம்பெனி மூடிவிட்டது, எங்கே வேண்டுமானாலும் வந்து நான் எழுதித் தருகிறேன் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அவள்மீது ஒரு குற்றமும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அரைமணி நேரத்தில் அவர் கூப்பிட்டார். பின்னால் லாரி இரைச்சல். "கேட்டாங்களா மேடம்? இன்னா சொன்னீங்க?" என்றார். "உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன்" என்றேன். அடுத்த வாக்கியத்துக்காக மூச்சை இழுத்தேன்.

"அது போதும் மேடம். நீங்க சொல்லிட்டா வேல கெடச்ச மாரிதான். ஊட்டுக்கு போன் போட்டு சொல்லிர்றேன்" என்று அவசரமாக வைத்துவிட்டார்.

உடனே திருப்பிக் கூப்பிட்டேன். அவருடைய லைன் பிஸியாக இருந்தது.