வெள்ளைப் பம்பரில் பட்ட கை

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். இரண்டு பேர் என் தங்கச்சியின் பிள்ளைகள். அந்தத் தங்கச்சியின் ஆண்டுத் திவசத்துக்குத்தான் இந்த நினைவு மலர் அச்சாகிறது. எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், பஸ்ஸின் பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். "அவர்" என்று மரியாதையாகப் போடுவோம் என்றாள். என்னைவிட நாலு வயது இளையவள், நான் "அவள்" என்றே சொல்வேன். அதையாவது எனக்கு விடுங்கள்.

நாங்கள் பிறந்தது வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம். அறுவடை நெருங்கினால் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வயல் வட்டைக்குப் போவார். எந்த வயலை முதலில் அறுக்கலாம் என்று அவள் சொல்வாள்.

"அங்கால உள்ளது இன்னும் பச்சை ஊறின மஞ்சள் அப்பா. இதுதான் காஞ்ச மஞ்சள்."

ஆறு வயதுப் பிள்ளை. அவள் சொன்னது பிழைத்ததில்லை. எனக்கு அப்போது பத்து வயது. நெல்லுக் குத்தினேன், சோறு ஆக்கினேன். அப்பா என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு அவளோடு கதைத்தார்.

எங்கள் பகுதியில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மூத்தவள் என்பதால் தாய் வீடு எனக்கு வந்தது. அவளுக்குக் கிடைத்தது இக்கரையில், பெரிய ரோட்டோரம், புல்லும் முளைக்காத ஒரு மணல் காணி. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் என் வீடு கூரையில்லாமல் போயிற்று. பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து அவளுடைய மணல் காணியில்தான் கொட்டில் போட்டேன். "இது உன்ட இடம் எண்டு நினைச்சு இரு அக்கா" என்றாள். நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவளுக்குக் கல்யாணம் முப்பது தாண்டித்தான் நடந்தது. மச்சான் டிங்கரிங் வேலைக்காரர், நல்ல மனிதர். ரோட்டோரத்தில் நீலத் தறப்பாள் கட்டி கராஜ் தொடங்கினார். நசுங்கிய தகரத்தைத் தட்டித் தட்டி நேராக்கிவிடுவார். ஆனால் பெயின்ட் அவருக்குச் சரிவராது. ஒருநாள் சோறு கொண்டுபோன தங்கச்சி, "இதில சிவப்புக் கூடிட்டு. ரெண்டு சொட்டு மஞ்சள் விட்டுப் பாருங்களன்" என்றாள். விட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து பெயின்ட் கலக்குவது அவள் வேலையாயிற்று. அவளுடைய பிள்ளைகளுக்குச் சோறு தீத்துவது என் வேலையாயிற்று. என் கையால் உண்டுவிட்டு, பெயின்ட் மணக்கும் அவள் மடிக்குத்தான் ஓடுவார்கள்.

அவள் வேலை என்னவென்று தெரியாத உறவினருக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டில் வார்த்து வரும் பம்பரும், அதன் கீழே பூட்டும் லிப்பும் வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்காகத்தான் வரும். காரின் நிறத்துக்கு ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரைப் பார்த்துக் கலக்கி அடித்தால் ஒட்டுப் போட்ட சீலை போலத் தெரியும். ஏனென்றால் எங்கள் வெயிலிலும் உப்புக்காற்றிலும் பத்து வருடம் ஓடிய காரில் அந்த நம்பரின் நிறம் இருக்காது. தங்கச்சி காரின் இன்றைய நிறத்தைக் கலக்குவாள். ஒரு மட்டையில் அடித்து, தறப்பாளுக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் ஒருமுறை, மர நிழலில் ஒருமுறை பார்ப்பாள். தறப்பாளுக்குள் எல்லாமே கொஞ்சம் நீலம். பிறகு, புதிதில் அடித்ததைப் பக்கத்துப் பழைய தகரத்துக்கும் கொஞ்சம் இழுத்து, பனி கலைவது போலக் குறைத்துக்கொண்டு போவாள். புதியது எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது.

சமாதானம் பேசிய காலத்தில் காத்தான்குடிப் புடைவை வியாபாரி ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நாங்களும் அவரைக் காக்கா என்போம். அவருடைய மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஏறி வர இருந்த கார் அது. சங்கின் உட்புறம் போல மினுங்கும் வெள்ளை. முன் பம்பர் உடைந்திருந்தது. புதுப் பம்பரும் லிப்பும் வாங்கி வந்திருந்தார்.

"புள்ள, எது புதுசு எண்டு எனக்கே தெரியப்படா."

"தெரிஞ்சா நான் மறுகா இந்த வேலையே செய்ய மாட்டன் காக்கா."

"அல்லாவே, இந்தக் கரையில இப்பிடி ஒரு கை வேற யாருக்கு இரிக்கி!" என்றவர், நான் நிற்பதைக் கண்டு, "ராத்தா, நீங்களும் இந்த வேல செய்யிறயோ?" என்றார்.

மச்சான் சிரித்தார். "மச்சாள் மீன் கறிக்குத்தான் நிறம் எடுப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சியும் சிரித்தாள்.

நான் அவளுடைய மகளுக்குத் தலை இழைத்துக்கொண்டிருந்துவிட்டு வந்தவள். கை நிறையத் தேங்காய் எண்ணெய். மூன்று பேரும் மட்டையைப் பார்க்க வெயிலுக்குப் போனார்கள். தேய்த்து, கழுவி, தின்னரால் துடைத்த பம்பர் முக்காலியில் இருந்தது. "துடைச்சு வச்சிரிக்கன் அக்கா, ஒருத்தரும் தொடப்படா" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது என்பது அந்த வளவில் கோழிக்கும் தெரியும். நான் கை வைத்தேன். தவறிப் படவில்லை. வைத்தேன்.

பின்னேரம் பெயின்ட் அடித்தாள். அடித்த கையோடு மீன் கண் போலச் சின்னச் சின்னக் குழிகள் எழும்பின. நாலு விரலின் வடிவத்தில் எழும்பின. அதில் ஒரு விரல் கட்டை. என் சுட்டுவிரல் நுனி இளவயதில் அரிவாளோடு போய்விட்டது, உறவினர் அறிவீர்கள். தங்கச்சி குழிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கையைச் சீலைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, புள்ளையள் சாப்பிட்டா?" என்றாள். 

எல்லாவற்றையும் உரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்குக் கார் ஆயத்தமில்லை. மாப்பிள்ளை யாரோ ஒருவரின் வேனில் போனார். வியாபாரி வந்து நின்று சத்தம் போட்டார்.

"என்ன புள்ள, என்ன சபையில வெட்கப்படுத்திட்டியே!"

"என்ட பிழைதான் காக்கா. நான் வடிவாத் துடைக்கல்ல."

நான் குசினிக் கதவோரம் நின்று கேட்டேன். வெளியே வரவில்லை. ஆறு மாதம் அந்தத் தறப்பாளுக்குக் கீழே ஒரு கார் வரவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் டாங்கி மட்டும் வந்தது. மச்சான் கல் உடைக்கும் இடத்துக்குக் கூலிக்குப் போனார். அவள் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், மனம் ஆறியிருக்கும். பிறகு அதே வியாபாரிதான் தன் மகனின் காரைக் கொண்டுவந்து அந்த வாசலைத் திறந்து வைத்தார்.

மச்சான் காலமான பிறகும் மகனை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் அவள் கராஜை நடத்தினாள். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். இன்றைக்காவது கேட்பாள் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். "அக்கா, நீ சாப்பிட்டியா?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பொறுமையிலும் இவள்தானா முதல் என்று நினைத்தேன்.

சவ வீட்டன்று ரோடு நெடுகக் கார் நின்றது. எனக்கு இத்தனை வராது என்று எண்ணிப் பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. அந்த வியாபாரி, இப்போது கிழவர், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லோரும் கேட்கச் சொன்னார்.

"என்ட புள்ளட கல்யாணக் கார் பிழைச்ச நேரம், என்ட பிழை எண்டு நேருக்கு நேர் சொன்ன மனிசி இவ. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் திரும்பி வந்த."

சனம் தலையாட்டியது. சிலர் அழுதார்கள். ஒரு வருடமாக அது என் நெஞ்சில் நிற்கிறது. அப்பாவின் தோள் அவளுக்கு, ரோட்டுக் காணி அவளுக்கு, நான் வளர்த்த பிள்ளைகளின் பாசம் அவளுக்கு. நான் செய்த பிழைக்குக் கிடைத்த பெயரும் அவளுக்கா? அதை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அவள் துடைத்தது வடிவான துடைப்பு. அவள் கையில் ஒருநாளும் பிழை வந்ததில்லை. பிழை என்னுடையது. அந்தக் காக்காவும் இந்த மலரை வாங்கிப் படிக்க வேண்டும்.

பேத்தி பேனையை வைத்துவிட்டாள். "அம்மம்மா, இதப் போட்டா சனம் என்ன சொல்லும்? சின்ன அம்மம்மாட புள்ளையள்ட மூஞ்சிய எப்பிடிப் பாக்கிற?" என்கிறாள். அவர்கள் என் கையால் உண்டவர்கள், பார்ப்பார்கள். எழுது என்றேன். எழுதுகிறாள்.

என் தங்கச்சியின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் பார்த்த தாதிமாருக்கும், ஒட்சிசன் போத்தலோடு ஓடித் திரிந்த அவளுடைய மகனுக்கும், சவ வீட்டில் சோறு சமைத்த அயலவருக்கும், தூரத்திலிருந்து வந்து நின்ற கார்க்காரர் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காத்தான்குடிக் காக்காவுக்கு நன்றி மட்டும் போதாது. அவரிடம் நான் மன்னிப்பும் கேட்கிறேன்.

இனி முதலிலிருந்து வாசித்துக் காட்டு மகள். கை வைத்தேன் என்று நான் சொன்ன இடத்தில் நீ கை பட்டது என்று எழுதியிருந்தால், வெட்டிவிட்டுத் திருத்து.