அறுபத்தொன்றாம் பக்கமும் பிள்ளைச்சாவடி பேனரும்

அறிவுமதி என் கடைக்கு டிசைன் செய்ய வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. புதுச்சேரி உப்பளத்தில் ஸ்டேடியத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது என் ஃபிளெக்ஸ் பேனர் கடை. காலையில் அவளுக்குக் கல்லூரி, சாயங்காலம் என் கடைக் கம்ப்யூட்டர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவாள். மாப்பிள்ளைக்கு முன்னந்தலை காலியாக இருந்தால் யாரும் கேட்காமலே நாலு முடி வைத்துக் கொடுப்பாள்.

அப்படிப்பட்ட கெட்டிக்காரி, பி.ஏ. முடித்ததும் எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. கலைமகளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று தெருவே சொல்லும், நானும் அதை மறுப்பதில்லை.

"ஏன்டி, எந்தக் காலத்துலயோ செத்துப்போன வெள்ளக்காரன் எழுதினதப் படிச்சு என்னா பண்ணப் போற?"

"அதோட கல்சுரல் ஸ்டடீஸும் இருக்குதுக்கா. செத்தவங்கள மட்டும் இல்ல, நம்மளயும் படிக்கலாம்."

"நம்மளப் படிக்க எதுக்குடி அவ்ளோ தூரம் பஸ்ஸு? இங்கயே ஸ்டூலப் போட்டு உக்காந்து பாரு, தெரியும்."

சிரித்தாள். ஆனால் போனாள். அவள் அப்பா ராஜாங்கம் அண்ணன், மில் மூடினதிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாட்ச்மேன். அம்மா செல்வாம்பாள், லாஸ்பேட்டையில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டப் போகிறவள். அண்ணன் டீக்கடை டீக்கடையாக மகள் பெருமை பேசுவார். செல்வாம்பாள் ஒரு வார்த்தை பேசமாட்டாள், மகளுக்கு டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

இரண்டாம் வருஷம் ஏதாவது ஒன்றை ஆராய்ந்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதினால் மட்டும் போதாது. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார், அதற்குப் பெயர் வைவா. அதில் தேறினால்தான் பட்டம். தேறினால் அந்த வீட்டின் முதல் எம்.ஏ. அவள்தான், மேலே ஆராய்ச்சிப் படிப்புக்கும் மனுப் போட்டிருந்தாள். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இந்தப் பெண் எடுத்த தலைப்பு என்ன தெரியுமா? நம்ம ஊர் பேனர்.

எட்டு மாதம் ஸ்கூட்டரில் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தாள். கட்சிக்காரர் வைத்தது, பள்ளிக்கூட விளம்பரம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, குடும்பங்கள் வைத்த பேனர் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரு நாள் அறுபத்தொன்றாம் பக்கத்தை எனக்குத் தமிழில் சொன்னாள். அதன் சாரம் இதுதான்: இந்த ஊர்ப் பேனரில் ஒரு பெண்ணின் படம் பெரிதாக வருவது மூன்றே தடவை. வயதுக்கு வந்தால், கல்யாணம் ஆனால், செத்தால். அவளே ஒன்றைச் சாதித்தாள் என்று ஒரு வீடும் பேனர் வைத்ததில்லை.

"சும்மா அளக்காத. எங்கிட்ட எவ்ளோ பேர் வந்திருக்காங்க," என்று சண்டைக்குப் போனேன்.

கடைக் கம்ப்யூட்டரில் ஐந்து வருஷத்து டிசைன் அப்படியே கிடக்கிறது. அவளை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்து தேடினேன். ஜிம் திறந்த பையன் இருந்தான், பைக் வாங்கிய பையன் இருந்தான், பிறந்தநாள் கொண்டாடிய நாய் கூட இருந்தது. பெண் ஒருத்தியும் இல்லை. அத்தனையும் என் கடையில் அடித்தது. அன்றைக்கு எனக்கு டீ இறங்கவில்லை.

இந்த உறுத்தலோடு நான் இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜாங்கம் அண்ணன் வந்தார். அறிவுமதி படிக்க வேண்டும் என்று லீவு.

"செவ்வாக்கெழம பாப்பாவுக்கு வைவாம்மா. ஒரு பேனர் அடிச்சுக் குடு. அவளுக்குத் தெரிய வேணாம். அவ படிக்கிற எடத்துக்குக் கிட்டயே வெச்சுட்றேன்."

துள்ளி எழுந்தேன். நானே டிசைன் செய்தேன். நடுவில் கண்ணாடி போட்ட அறிவுமதி, பின்னால் புத்தக அடுக்கு, மேலே 'ஆங்கில இலக்கியத்தில் வெற்றிவாகை சூடிய எங்கள் குலவிளக்கே'. கீழே வழக்கம்போல வாழ்த்துவோர் வரிசை. மெஷின் ஓட்டுகிற எழிலரசன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, பரீட்ச இன்னும் நடக்கவே இல்லியே."

"கல்யாண பேனர தாலி கட்டினப்புறமாடா வெக்கிறாங்க? முன்னாடியே வெக்கிறதுதானே நம்ம ஊர் வழக்கம். வேலையப் பாரு."

அவனும் அடித்தான். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அண்ணன் அதைப் பிள்ளைச்சாவடி பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டார். பல்கலைக்கழகத்துக்குப் போகிற எந்த வண்டியும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எட்டரைக்குப் போன் வந்தது.

"அக்கா, யாருக்கா பேனர் வெச்சது? நான் இன்னும் வைவாவே முடிக்கலக்கா. வர்ற சார் அந்த வழியாத்தானே வருவாரு. அவரு பாஸ் போடறதுக்கு முன்னாடியே நாம போட்டுக்கிட்ட மாதிரி இல்ல இருக்கு?"

அவள் குரல் உடைந்ததும்தான் எனக்கு உறைத்தது. அது மட்டுமா? ஒரு பெண்ணுக்கும் பேனர் இல்லை என்று அவள் எழுதி வைத்திருக்கிறாள், அதைப் பொய்யாக்கி நானே பத்தடிக்கு எட்டடியில் ஒன்று அடித்துக் கொடுத்திருக்கிறேன். முந்திரிக்கொட்டை என்று என் மாமியார் என்னைத் திட்டுவது சும்மா இல்லை.

கட்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினேன். பேனருக்குக் கீழே அண்ணன் வெள்ளைச் சட்டையில் நின்று, பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பத்தாம்மா ஒருத்தர் கார நிறுத்தி எறங்கி போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாரு. பெரிய படிப்பாளி மாதிரி இருந்தாரு," என்றார் பூரிப்போடு.

மானம் கப்பலேறிவிட்டது, இனி அறுத்து என்ன பயன்? அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆங்கிலத் துறைக்குப் போனேன். அறிவுமதிக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் எங்களைப் பார்த்து, வைவாவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சத்தம் போடாமல் கடைசி பெஞ்சில் உட்காருங்கள் என்றார். வைவா என்றால் பட்டம் கொடுக்கிற விழா என்று நினைத்திருந்த அண்ணனுக்கு, பரீட்சையே இனிமேல்தான் என்று அங்கேதான் விளக்கினேன். அவர் முகம் செத்துப்போனது.

முதல் அரைமணி நேரம் எல்லாம் ஆங்கிலம். அறிவுமதி தடங்கலில்லாமல் பேசினாள். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் பெருமையாக இருந்தது. அப்புறம் அந்தப் பேராசிரியர் தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பேனர் தமிழ்ல இருக்கு, நாமளும் தமிழ்லயே பேசலாம்," என்றார். "அறுபத்தொன்றாம் பக்கத்துல இப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு எழுதியிருக்கீங்க. நான் வர்ற வழியில ஒண்ணு பார்த்தேன். அப்ப உங்க முடிவு தப்புதானே?"

பக்கத்தில் அண்ணன் என் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், உள்ளே கட்டர் இருப்பது தெரியாமல்.

"இன்னைக்குக் காலையிலேருந்து தப்பு சார்," என்றாள் அறிவுமதி. "எங்கப்பா தப்பாக்கிட்டாரு. எனக்கு அதுல சந்தோஷம்தான்."

பேராசிரியர் சிரித்தார். போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தாள்.

"ஆனா முழுசாத் தப்பில்ல சார். கீழ வாழ்த்தற வரிசையப் பாருங்க. ஒம்போது தலை. அப்பா, பெரியப்பா, மாமாங்க, தெருப் பசங்க. எங்கம்மா இல்ல. என்னைப் படிக்க வெச்சது அவங்க. அவங்களுக்கு இந்த ஊர்ப் பேனர்ல எடம் இனிமே ஒரே தடவதான் சார், செத்தப்புறம்."

அவர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். நான் தலை குனிந்திருந்தேன். ஒன்பது தலையையும் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டியவள் நான். செல்வாம்பாள் எங்கே என்று அண்ணனும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

தேறிவிட்டாள். இந்தப் பேனரை வைத்தே மேலே ஆராய்ச்சி செய் என்று அவரே சொன்னாராம். வெளியே வந்ததும் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கட்டிக்கொண்டாள். "நீங்க இல்லன்னா எனக்கு அந்தப் பதிலே கெடச்சிருக்காதுக்கா," என்றாள். அண்ணன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே செல்வாம்பாளைக் கடைக்கு வரவழைத்தேன். படம் எடுக்க வேண்டும் என்றதும் மிரண்டுவிட்டாள்.

"வேணாம் கலை. நான் இன்னும் உசுரோடதானே இருக்கேன்? ஊர்ல என்னா நெனப்பாங்க?"

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க. சிரி."

மெஸ் புடவையிலேயே எடுத்தேன். மகள் பக்கத்தில் மகள் அளவுக்கே அம்மா. எழுத்தை அறிவுமதியே அமைத்தாள்: 'தேறினாள் மகள், தேற்றினாள் தாய்'. சாயங்காலம் பழையதை இறக்கிவிட்டு அதே கம்பத்தில் இதைக் கட்டினோம். ஏணியை அண்ணன் பிடித்துக்கொண்டார். செல்வாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே நின்றாள்.

மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று அண்ணாந்து பார்த்தார். "பாவம், எப்பம்மா தவறினாங்க?" என்று செல்வாம்பாளிடமே கேட்டார்.

"தவறல. நான்தான் அது. எம் பொண்ணு பாஸ் பண்ணிட்டா."

அந்த அம்மா கூடையை இறக்கி வைத்தார். படத்தையும் செல்வாம்பாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உசுரோட இருக்கறவங்களுக்கும் வெப்பாங்களா?" என்று கேட்டார்.