சங்கு ஊதியும் எழாதவன்

ஆம்பூரில் கூசாமல் அளந்துவிட ஏற்ற நாள் என்றால் அது ஜனவரி முதல் தேதிதான். அன்று காலை டீக்கடையில் யார் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பீடியை விட்டாயிற்று என்பார் ஒருவர். இனி மாமியாரோடு சண்டையே கிடையாது என்பார் இன்னொருவர். எழுபதுகளின் கடைசியில் அப்படியொரு காலையில் நானும் என் நண்பனும் எங்கள் லட்சியங்களை அறிவித்தோம். அந்த வருஷத்துக்குள் அவன் சினிமா கேமரா முன்னால் நடித்துவிட வேண்டும். நான் யோசித்த ஒரு காட்சியையாவது யாராவது படம் பிடித்துவிட வேண்டும். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல டீய குடிங்கடா, ஆறிடப் போவுது" என்றார்.

எங்களுக்கு அது விளையாட்டு இல்லை. நண்பனின் அப்பாவுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. மகனுக்கும் அங்கேயே சொல்லி வைத்திருந்தார். "இந்த ஒரு வருஷம் உன் இஷ்டத்துக்கு ஆடு. அடுத்த ஜனவரிக்குள்ள சினிமால நடிக்கலன்னா வாய மூடிக்கினு என்கூட ரயிலேறணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவனும் சரி என்றுவிட்டான். அவன் போய்விட்டால் என் கதைகளைக் கேட்க அந்த ஊரில் ஈ காக்கை கிடையாது. அதனால் எனக்கும் அது வாழ்வா சாவா பிரச்சினைதான்.

இருவரும் ஒரே தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவன் சுண்ணாம்புக் குழிப் பக்கம், நான் தோலைத் தரம் பிரிக்கும் மேஜையில். அவனுக்கு அழுகைப் பயிற்சி இலவசமாகக் கிடைத்தது. அந்தக் குழிப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாலே கண்ணில் தாரை தாரையாகக் கொட்டும். "அழுகைல நான் கில்லாடிடா, சிரிப்புதான் பேஜாரா இருக்கு" என்பான். நானோ மேஜையில் சாக்பீஸும் கையுமாக நிற்பவன். மனதில் உதித்த வசனத்தையெல்லாம் தோலின் உட்புறத்தில் கிறுக்கிவிடுவேன். ஒருமுறை அழிக்க மறந்து ஒரு கட்டுத் தோல் மெட்ராஸ் வரை போய்த் திரும்பி வந்துவிட்டது. "என்னை மறந்துவிடு ராதா" என்று எழுதியிருந்த தோலை மேஸ்திரி என் மூஞ்சிக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு, "யாருய்யா இந்த ராதா? எந்த செக்‌ஷன்?" என்று கேட்டார். தொழிற்சாலையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு வெட்கமே இல்லை. என் வசனத்தை ஊரே கூடிப் படித்துவிட்டது என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி போய் ஆவணி வந்தது, கார்த்திகையும் போனது, சினிமாதான் வரவில்லை. மார்கழி பிறந்ததும் நண்பனின் அப்பா புது டிரங்குப் பெட்டி வாங்கி வந்து கூடத்தில் வைத்தார். மகனை ரயிலேற்றத்தான் அது. அப்போதுதான், யார் செய்த புண்ணியமோ, பாலாற்று மணலில் ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. எடுக்கப்போவது ஒரு தொழிலாளியின் சவ ஊர்வலம் கிளம்பும் காட்சி. கூட்டத்துக்கு உள்ளூர் ஆட்கள் வேண்டுமாம். எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு அன்று திடீரென்று காய்ச்சல் வந்துவிட்டது.

எங்கள் அதிர்ஷ்டத்தைக் கேளுங்கள். பிணமாக நடிக்க வந்திருந்த துணை நடிகர், பாடையைப் பார்த்ததும் குடும்பத்துக்கு ஆகாது என்று பஸ் ஏறிப் போய்விட்டார். "இங்க யாராவது..." என்று உதவி டைரக்டர் வாயைத் திறப்பதற்குள் என் நண்பன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். வேட்டி கட்டி, மாலை போட்டு, நெற்றியில் காசு ஒட்டினார்கள். "பொணம்தான்டா, ஆனா மூஞ்சி தெரியுமாம்! குளோசப்பு வெக்கிறாங்களாம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான். மாலை போட்ட பிணம் குதிப்பதைப் பார்க்க எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. கூட்டத்தில் முதல் வரிசையில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். அவரும் எங்கள் தொழிற்சாலைதான். மகன் பாடையில் ஏறியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. "நான் கண்ணால பாத்துக்கினு இருந்தா ஒண்ணும் ஆவாது" என்றார்.

உதவி டைரக்டர் மெட்ராஸ்காரர். "சங்கு ஊதினதும் எல்லாரும் மாரடிச்சு அழணும், புரிஞ்சுதா?" என்று கத்தினார். அவர் சொன்னது சாவுச் சங்கு. அதை ஊதுகிறவர் பக்கத்திலேயே தயாராக நின்றிருந்தார். ஆனால் எங்கள் ஊரில் சங்கு என்றால் முதலில் தொழிற்சாலைச் சங்குதான். அதன் சத்தத்தில்தான் ஊரே எழும், சாப்பிடும், வேலைக்கு ஓடும். கேமரா ஓடத் தொடங்கியது. சாவுச் சங்குக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோதே, அக்கரையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு 'ஊ'வென்று கிளம்பிவிட்டது.

அவ்வளவுதான். அழ வேண்டிய பெண்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து தூக்குப் போசியைத் தேடினார்கள். கொள்ளிச் சட்டிக்காரர் சட்டியை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். பிணம் எழுந்து உட்கார்ந்து சோம்பல் முறித்தது. "கட்! கட்!" என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஃபிலிமு என்ன விலை விக்குது தெரியுமாய்யா? அந்தப் பொணத்தை மொதல்ல துரத்து! வேற ஆளப் போடு!"

நண்பனின் முகம் செத்துவிட்டது. அவன் நடித்ததிலேயே தத்ரூபமான முகம் அதுதான், ஆனால் கேமரா ஓடவில்லை. அந்த டிரங்குப் பெட்டி என் கண் முன்னால் வந்து நின்றது. எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, ஓடிப்போய் டைரக்டர் முன்னால் நின்றேன்.

"சார், எங்க ஊர்ல சங்குன்னா அதான் சார். இப்டியே எடுங்க சார். ஒரு மணிக்கு வேலைச் சங்கு ஊதும். அழுதுனு இருக்கிறவங்க எல்லாம் எந்திரிச்சி வேலைக்குப் போய்டட்டும். அவன் ஒருத்தன் மட்டும் எந்திரிக்க மாட்டான் சார்."

டைரக்டர் என்னையே பார்த்தார். "யாருய்யா நீ?"

"ரைட்டர் சார்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அவர் சிரிக்கவில்லை. ஆற்றைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்குக் கரெக்டா ஊதுமா?" என்றார். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நண்பன்தான் பயந்துபோனான். "அது ஊதுனா ஒடம்பு தானா எந்திரிக்கும்டா, நான் இன்னா பண்ணுவேன்?" என்றான். "செத்துட்டேன்னு நெனச்சிக்கோ" என்றேன். ரைட்டர் என்ற மிதப்பில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது, நடந்தது. யாருக்கும் நடிக்க வேண்டிய வேலையே இல்லை. பாடையில் அவன் ஒரு விரலைக்கூட அசைக்காமல் கிடந்தான். எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. அப்போது அவன் அம்மா, எல்லோரோடும் எழுந்து நடந்தவர், பாடையைத் தாண்டும்போது பழக்க தோஷத்தில் குனிந்து அவன் தோளைத் தட்டினார்.

"டேய், எந்திரிடா. சங்கு ஊதிட்டான்."

தினமும் விடியற்காலையில் அவனை எழுப்புகிற அதே குரல். அவன் எழவில்லை. "எந்திரிடா கண்ணு" என்று உலுக்கினார். அப்போதும் எழவில்லை. அந்த அம்மாவுக்கு அது சினிமா என்பதே மறந்துபோனது. அப்படியே மணலில் உட்கார்ந்து, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தி அழுதார். டைரக்டர் கட் சொல்லவில்லை. பேட்டாக் காசுக்காக அழ வந்த பெண்கள் நடப்பதை விட்டுவிட்டுத் திரும்பி நின்று நிஜமாகவே அழுதார்கள். நானும் அழுதேன்.

கட் என்றதும் அவன் துள்ளி எழுந்தான். அம்மா அவன் முதுகில் நாலு வைத்தார். "பெத்தவ கூப்ட்டா கூட எந்திரிக்க மாட்டியாடா, பாவி?"

"நடிச்சேம்மா! நான் நடிச்சேம்மா!" என்று அவன் சிரித்தான். மாலை அறுந்து தொங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

 அம்மா முந்தானையால் அவன் நெற்றிக் காசைத் துடைத்தெடுத்துத் தூர எறிந்தார்.

"ஒங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா இனிமே பொணமா மட்டும் நடிக்காத."